திரையில் வளராத பாலன் இயேசு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நத்தார் காலம் நெருங்கியதும் இயேசுவின் பிறப்பையும் இளமையையும் சொல்லும் திரைப்படங்கள் நம் நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் பங்கு மண்டபங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுவது வழக்கமாகிவிட்டது. கொட்டாஞ்சேனைப் பகுதியில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் என்ற முறையிலும், இத்தகைய படங்களைப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து வருபவள் என்ற முறையிலும், அவற்றில் இயேசுவின் பிள்ளைப் பருவம் காட்டப்படும் விதம் பற்றித் தங்கள் வாசகர்கள் முன் சில கருத்துகளை வைக்க விரும்புகிறேன். என் முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான். நற்செய்தி நமக்குச் சொல்வது வளர்ந்து வந்த ஒரு பிள்ளையைப் பற்றி; இப்படங்களில் பெரும்பாலானவை காட்டுவதோ, பிறக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்ட, இனி வளர்வதற்கு எதுவுமே இல்லாத ஒரு பிள்ளையை.

அப்படியொரு படத்தைப் பார்த்த மறுவாரம், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திருவிவிலியத்தை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்து, "டீச்சர், செத்துப்போன பொடியனை இயேசு சின்ன வயசில எழுப்பினது எத்தனையாம் அதிகாரம்?" என்று கேட்டாள். மத்தேயுவையும் லூக்காவையும் முதலிலிருந்து புரட்டிப் பார்த்திருக்கிறாள். பக்கங்களுக்கு இடையில் இரண்டு மூன்று இடங்களில் பஸ் டிக்கெட்டுகளை அடையாளமாகச் செருகி வைத்திருந்தாள். படத்தில் கண்டது நூலில் இல்லாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் தேடியது போதாது என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவளுக்குள் எழுப்பிய படத்துக்கும் அதைக் காட்டிய நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு.

நற்செய்தி நூல்கள் நான்கில் மாற்கும் யோவானும் இயேசுவின் பிள்ளைப் பருவம் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மத்தேயு பிறப்பையும், கிழக்கிலிருந்து வந்த ஞானிகளையும், எகிப்துக்கு ஓடியதையும், ஏரோதின் குழந்தைப் படுகொலையையும், நாசரேத்தில் குடியேறியதையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். லூக்கா தீவனத் தொட்டியையும் இடையர்களையும் ஆலயத்தில் ஒப்புக்கொடுத்ததையும் சொல்லி, பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் நடந்த ஒரேயொரு நிகழ்ச்சியைத் தருகிறார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எழுதியிருப்பவை இரண்டே வசனங்கள்: பிள்ளை வளர்ந்தது, வலிமை பெற்றது, ஞானத்தில் மிகுந்தது, கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்ததாய் இருந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பது வயதுவரை மௌனம். திரைப்படக்காரர்களுக்கு இந்த மௌனம்தான் பெரும் இக்கட்டு. இரண்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருப்பதால், வேறிடங்களில் கதை தேடிப் போகிறார்கள்.

அவர்கள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் எழுந்ததாகக் கருதப்படும் 'தோமாவின் குழந்தைப் பருவ நற்செய்தி' என்னும் புறநூல். திருச்சபை ஒருபோதும் மறைநூலாக ஏற்றுக்கொள்ளாத அந்நூலில் ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் களிமண்ணால் பன்னிரண்டு குருவிகள் செய்து பறக்கவிடுகிறார். தன் தோளில் இடித்துவிட்டு ஓடிய சிறுவனைச் சொல்லாலே சாகவைக்கிறார். எழுத்துச் சொல்லித்தர வந்த ஆசிரியரை வாயடைக்கச் செய்கிறார். மாடியிலிருந்து விழுந்து இறந்த தோழனை உயிரோடு எழுப்புகிறார். சைரஸ் நவ்ராஸ்தே இயக்கி 2016இல் வெளிவந்த 'தி யங் மெசையா', ஆன் ரைஸ் எழுதிய நாவலின் வழியாக இந்த மரபைச் சற்றே மென்மைப்படுத்தி எடுத்துக்கொண்டது. அதில் ஏழு வயது இயேசு, இறந்துபோன சிறுவனை எழுப்புகிறார். நோயுற்ற மாமனைக் குணமாக்குகிறார். 2025இல் வந்த 'தி கார்பென்டர்ஸ் சன்' அதே புறநூலை நேரடியாகவே கையில் எடுத்து, நிக்கோலஸ் கேஜைத் தச்சனாக நடிக்கவைத்து, அதையொரு திகில் படமாகவே ஆக்கிவிட்டது. வழிபாட்டுக்குரிய ஒருவரின் இளமையைப் பேய்ப்படத்தின் இலக்கணத்தில் எடுப்பது எத்தனை பேர் மனதைப் புண்படுத்தும் என்பதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். என் கவலை வேறு. திகில் படமும் பக்திப் படமும் இந்த ஒரு விடயத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. இரண்டுக்குமே அந்தப் பிள்ளையிடம் வேண்டியது அற்புத சக்தி மட்டுமே.

புறநூல்களை ஒட்டுமொத்தமாகத் தள்ள வேண்டும் என்பது என் கருத்தல்ல. நாம் வீட்டில் கட்டும் பாலன் குடிலில் படுத்திருக்கும் மாடும் கழுதையும் மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. மரியாவின் பெற்றோர் பெயர்கள் 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்னும் புறநூல் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தன. அப்படியிருந்தும் மரியாவின் தாயான அன்னம்மாளின் தலவில ஆலயத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவருமாக ஆண்டுதோறும் திரள்கிறோம். களிமண் பறவைக்கு உயிர் வந்த நிகழ்ச்சி திருக்குர்ஆனிலும் சொல்லப்படுகிறது. நம் அயல் வீட்டு முஸ்லிம் பிள்ளைகள் அதைத் தம் மறையின் பகுதியாகப் படிக்கிறார்கள், அதை மதிப்பது நம் கடமை. எந்தக் கதை எந்த நூலிலிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சொல்லாமல் கலந்துவிடும்போதுதான் நாலாம் வகுப்புப் பிள்ளை இல்லாத அதிகாரத்தைத் தேடி அலைய நேரிடுகிறது.

அற்புதங்களைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு பழக்கம். சிட்னி ஓல்காட் எகிப்திலும் பலஸ்தீனத்திலும் நேரில் சென்று எடுத்து 1912இல் வெளியிட்ட 'ஃப்ரம் தி மேஞ்சர் டு தி கிராஸ்' என்னும் மௌனப் படத்தில், சிறுவன் இயேசு தோளில் மரத்தைச் சுமந்து வரும்போது நிழல் சிலுவையாக விழுகிறது. ஓவியர்கள் இதை முன்பே தொடங்கிவிட்டார்கள். ஜோன் எவரெட் மில்லே 1850இல் இலண்டனில் காட்சிக்கு வைத்த ஓவியத்தில், தச்சுப் பட்டறையில் நிற்கும் சிறுவனின் உள்ளங்கையில் ஆணி கீறி இரத்தம் வடிகிறது. மெல் கிப்சனின் 2004ஆம் ஆண்டுப் படத்திலும் சிறுவன் இயேசு ஓடிவந்து விழுகிறான், தாய் பதறி ஓடுகிறாள். அது சிலுவை சுமந்து விழும் காட்சியோடு பின்னப்படுகிறது. அந்தக் காட்சியில் கண் கலங்காத தாய்மார் இருக்க மாட்டார்கள், நானும் கலங்கினேன். ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது: இந்தப் பிள்ளைக்கு விழுந்து எழும்பும் சாதாரண உரிமைகூட இல்லையா? அவன் முழங்காலில் பட்ட காயம் வெறும் காயமாக இருக்கக் கூடாதா? ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு ஆணியும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னால் நடக்கப்போவதையே சுட்டிக்கொண்டிருந்தால், இடைப்பட்ட வாழ்வு முழுவதும் காத்திருப்பு அறை ஆகிவிடுகிறது.

இவ்வளவுக்கும் நிழல் வித்தை தேவையே இல்லை. ஏரோது கி.மு. 4இல் இறந்ததும் கலிலேயாவில் கிளர்ச்சி வெடித்தது. நாசரேத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சுமார் 6 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த செப்போரிஸ் நகரை உரோமர் தீக்கிரையாக்கி அதன் மக்களை அடிமைகளாக்கினார்கள் என்றும், உரோம ஆளுநன் வாருஸ் ஏறத்தாழ 2000 கிளர்ச்சிக்காரரைச் சிலுவையில் அறைந்தான் என்றும் யூத வரலாற்றாசிரியர் ஜொசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். நாசரேத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அந்தக் கதையைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டே வளர்ந்திருக்கும். பின்னர் ஏரோதின் மகன் ஏரோது அந்திப்பா அந்நகரை மீண்டும் கட்டியபோது அயலூர்த் தச்சர்களும் கட்டட வேலைக்காரர்களும் அங்கே கூலிக்குப் போயிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். விடியற்காலையில் தகப்பனின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, எரிந்து கிடந்து மறுபடி எழும் ஒரு நகரத்துக்கு நடந்துபோகும் பையனை எந்த இயக்குநராவது நின்று காட்டினால், எங்கள் வகுப்பில் மேசன் பாஸ்மாரின் பிள்ளைகளாக இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். படங்களில் வரும் நாசரேத்திலோ, வெளிச்சம் அழகாக விழும் ஒரு பட்டறையும், சீவல் படியாத ஒரு மேசையும்தான்.

பன்னிரண்டு வயது நிகழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயேசுவின் பிள்ளைப் பருவத்திலிருந்து நற்செய்தி நமக்குத் தரும் ஒரே உரையாடல் அதுதான். லூக்கா நற்செய்தியை அடியொற்றி 1979இல் எடுக்கப்பட்டு, தமிழும் சிங்களமும் உட்பட எண்ணற்ற மொழிகளில் குரல் மாற்றப்பட்டு நம் ஊர்களிலெல்லாம் திரையிடப்பட்ட 'இயேசு' படத்தை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் இங்கே அரிது. அதிலும் சரி, வேறு படங்களிலும் சரி, இந்நிகழ்ச்சி விரைவாகக் கடந்துபோகிறது. அல்லது முதியவர்கள் நடுவே ஒரு சிறுவன் தெளிந்த குரலில் பதில் சொல்ல அவர்கள் ஒருவரையொருவர் வியந்து பார்க்கும் காட்சியாக மட்டும் நின்றுவிடுகிறது. லூக்கா எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். சிறுவன் போதகர்கள் நடுவே அமர்ந்திருக்கிறான், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், கேள்வி கேட்கிறான். அதற்குப் பிறகே அவனுடைய பதில்களைக் கண்ட வியப்பு வருகிறது. கற்க வந்த பிள்ளையின் உட்கார்தல் அது. கடவுளின் மகன் என்று நாம் அறிக்கையிடும் ஒருவர் கேள்வி கேட்டுக் கற்றுக்கொண்டார் என்பதைவிடப் பெரிய செய்தியை, படிப்பே பாரமாகிப்போன நம் பிள்ளைகளுக்கு எந்தப் படம் தந்துவிட முடியும்?

அதே நிகழ்ச்சியின் மறுபக்கம் பெற்றோருடையது. ஒருநாள் பயணம் போன பிறகுதான் பிள்ளை கூட்டத்தில் இல்லை என்று தெரிகிறது. உறவினரிடம் தேடுகிறார்கள், அறிமுகமானவர்களிடம் தேடுகிறார்கள், எருசலேமுக்குத் திரும்பிப் போகிறார்கள், மூன்று நாளுக்குப் பின்பே காண்கிறார்கள். கண்டவுடன் தாய் கேட்கும் கேள்வியில் மகிழ்ச்சியோடு கண்டிப்பும் இருக்கிறது; மகன் சொன்ன மறுமொழியோ அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் தாய்மாரின் நாடு இது. மூன்று நாள் தேடிய மரியாவின் முகத்தை நின்று நிதானித்துக் காட்டும் படத்துக்கு இங்கே உள்ள மதிப்பு வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் படங்களில் அந்த மூன்று நாட்களும் படியேறி ஓடிவரும் ஒரு பெண்ணாகவும் ஒரு பெருமூச்சாகவும் சுருங்கிவிடுகின்றன.

எகிப்துப் பயணத்துக்கும் இதே கதிதான். ஓல்காட்டின் படத்தில் பிரமிட்டுகளும் ஸ்பிங்ஸ் சிலையும் பின்னணியில் நிற்கின்றன; பார்ப்பதற்கு எழிலான காட்சி. கேத்தரின் ஹார்ட்விக் இயக்கி 2006இல் வத்திக்கானில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' எகிப்துப் பாதையில் குடும்பம் புறப்படுவதோடு முடிந்துவிடுகிறது. கழுதை, முக்காடு, மணல்மேடு, இனிய இசை, அவ்வளவுதான். மத்தேயு சொல்வதோ நள்ளிரவில் எழுந்து ஓடிய ஒரு குடும்பத்தின் கதை. 1983 ஆடியில் இதே கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்களும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் மக்களும், 1995இல் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கால்நடையாக வெளியேறியவர்களும் இன்னும் நம் நடுவே வாழ்கிறார்கள். எகிப்தில் திருக்குடும்பம் எங்கே தங்கியது, யார் வாடகைக்கு இடம் கொடுத்தார், அந்நிய ஊரில் பிள்ளை முதல் சொல்லை எந்த மொழியில் பேசியது என்றெல்லாம் கேட்க நமக்குத் தெரியும். திரும்பி வரும்போதும் அமைதியில்லை. ஏரோது இறந்துவிட்டான் என்ற செய்தி கேட்டுத்தான் யோசேப்பு புறப்படுகிறார். ஆனால் யூதேயாவில் அவன் மகன் அர்க்கெலாவு ஆட்சிக்கு வந்துவிட்டான் என்று அறிந்ததும் அங்கே போக அஞ்சி, கலிலேயாவின் ஒரு மூலைக்குப் போய்க் குடியேறுகிறார். இந்த ஒரு வசனத்துக்குள் முழுநீளப் படம் ஒன்று இருக்கிறது. 'தி யங் மெசையா' படத்தை நான் குறைசொன்னாலும், அலெக்சாந்திரியாவில் அகதிகளாக இருக்கும் குடும்பத்திலிருந்து கதையைத் தொடங்கிய துணிவுக்காக அதைப் பாராட்டியே ஆகவேண்டும். அந்த நல்ல தொடக்கத்தையும், பிள்ளையைக் கொல்லத் துரத்தும் உரோமப் படைத்தலைவன் ஒருவனைப் புகுத்தி, துரத்தல் கதையாக்கிவிட்டார்கள்.

நன்றாக எடுத்தவர்களும் உண்டு. பசோலினி 1964இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படம், நடித்துப் பழகாத எளிய மக்களைக் கொண்டு, உரையாடலை நற்செய்தியிலிருந்தே எடுத்துக்கொண்டு, மத்தேயு மௌனமாக இருக்கும் இடத்தில் தானும் மௌனமாக இருந்தது. செஃபிரெல்லி 1977இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'ஜீசஸ் ஒஃப் நசரேத்' தொடரில் இயேசுவாக நடித்தவரின் நீலக் கண்கள் என்னை இன்றும் உறுத்துகின்றன. ஆனாலும் அந்தக் குடும்பம் யூதக் குடும்பம் என்பதையும், தொழுகைக்கூடமும் சடங்குகளும் நிறைந்த ஒரு கிராமத்தில் அது வாழ்ந்தது என்பதையும் அக்காலத்திலேயே அக்கறையோடு காட்டியது. ஆலயத்தில் பிள்ளையை ஒப்புக்கொடுத்தபோது ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத ஏழைகள் கொடுக்கும் பறவைக் காணிக்கையைத்தான் லூக்கா குறிப்பிடுகிறார் என்பதைப் பெரும்பாலான படங்கள் கவனிப்பதே இல்லை. மூன்று அரசர்களின் பொன்னுக்கு மட்டும் ஒளியமைப்பில் குறைவிருக்காது. வந்தவர்கள் மூவர் என்றோ அரசர் என்றோ மத்தேயு சொல்லவுமில்லை. மன்னார்ப் பகுதியில் ஆடப்பட்டுப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'மூவிராசாக்கள் நாடகம்' மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் கூத்தைக் கூத்தென்று தெரிந்தே நம் மக்கள் விடிய விடியப் பார்த்தார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இந்த விடயத்தில் சொல்வதற்குத் தனியே ஒன்று இருக்கிறது. தெய்வத்தைப் பிள்ளையாக்கிப் பாடுவது நம் இலக்கியத்துக்குக் கைவந்த கலை. பிள்ளைத்தமிழில் குழந்தை தலையாட்டித் தவழ்கிறது, கை கொட்டுகிறது, முத்தம் தர மறுக்கிறது, தளர்நடை போட்டு வருகிறது, நிலவை விளையாடக் கூப்பிடுகிறது, சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறது. பருவத்துக்குப் பருவம் பிள்ளை வளர்கிறது. வளர்வதுதான் அங்கே பாடுபொருள். கிறிஸ்தவப் புலவர்கள் இயேசுவின் மேலும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி, வளன் என்று பெயரிட்டு யோசேப்பையே தலைவனாக்கி, 3615 பாடல்களில் எகிப்து வாழ்க்கை உட்படத் திருக்குடும்பத்தின் கதையைச் சொல்கிறது. அதிலும் நற்செய்தியில் இல்லாதவை ஏராளம். ஆனால் அது காப்பியம் என்பதைப் படிப்பவர் அறிவார். இவ்வளவு பெரிய முதுசொம்மை வைத்துக்கொண்டு, இயேசுவின் இளமையை அறிய வெளிநாட்டுப் படத்தின் தமிழ்க் குரல் மாற்றத்தை மட்டுமே நம் பிள்ளைகள் நம்பியிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களைத் தங்கள் நாளிதழ் வழியாக விடுக்கிறேன். இத்தகைய படங்களைக் காட்டும் தொலைக்காட்சி நிலையங்களும் பங்குகளும், இது நற்செய்தியைத் தழுவியது, இது புறநூலைத் தழுவியது, இது கதாசிரியரின் கற்பனை என்று தொடக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி போட வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது. மற்றையது நம் இளம் குறும்படக் கலைஞர்களுக்கு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சிறு கமெராக்களோடு அருமையான படங்களை எடுத்துவரும் அவர்களில் ஒருவராவது, அற்புதம் எதுவும் இல்லாத, சிலுவை நிழல் விழாத, எகிப்திலிருந்து திரும்பி வந்து புதிய ஊரில் பழகிக்கொள்ளும் ஒரு தச்சன் குடும்பத்துப் பிள்ளையைப் பதினைந்து நிமிடத்துக்குப் படமாக்கித் தந்தால், அடுத்த நத்தாருக்கு எங்கள் மறைக்கல்வி வகுப்பில் அதைத்தான் முதலில் திரையிடுவோம். அதற்கான வரலாற்றுக் குறிப்புகளைத் தொகுத்துத் தருவதற்கும், நடிப்பதற்குப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு ஒழுங்கு செய்து தருவதற்கும் நானும் என்னோடு கற்பிக்கும் ஆசிரியைகளும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு – 13.